முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் கண் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

செயலாளர் சார் போன வாரம் லிஃப்டில் பார்த்து, "டாக்டர், கண் சம்பந்தமா ஏதாவது பேசுங்க, அரை மணி நேரம் போதும்" என்றார். கண்புரை, சர்க்கரை நோய், பிள்ளைகள் செல்போன் பார்ப்பது, இதில் ஏதாவது ஒன்றைப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களும் அப்படித்தான் நினைத்து வந்திருப்பீர்கள். மன்னிக்கணும். இன்றைக்கு நான் பேசப்போவது பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைகளின் கண்ணைப் பற்றி. ஆனால் பெரியவர்கள் எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சே. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

இந்த ஒரு வருடத்தில் நம் வளாகத்தில் மூன்று வீடுகளுக்குக் குறைமாதக் குழந்தைகள் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து மூன்று. நம் நாட்டில் ஒரு வருடத்தில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கின்றன. உலகத்திலேயே எண்ணிக்கையில் நாம்தான் முதல். முன்பெல்லாம் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோவில் பிறந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இப்போது பிழைக்கிறார்கள், நன்றாகவே வளர்கிறார்கள். மருத்துவம் ஜெயித்த இடம் அது. ஆனால் அந்த ஜெயிப்போடு சேர்ந்து ஒரு வியாதியும் வந்தது. அதன் பெயர் ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி. சுருக்கமாக ஆர்.ஓ.பி. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் என்று தமிழில் சொல்லலாம்.

விழித்திரை என்பது கண்ணுக்குள் பின்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. வயிற்றில் குழந்தைக்கு 16 வாரம் ஆகும்போது, கண்ணின் பின்புறம் நரம்பு நுழையும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் முளைத்து, விழித்திரையின் ஓரங்களை நோக்கி மெதுவாக வளர ஆரம்பிக்கும். மூக்குப் பக்கத்து ஓரத்தை எட்டாம் மாதம் வாக்கில் தொடும். காதுப் பக்கத்து ஓரத்தைத் தொட ஏறக்குறைய பத்து மாதமும் நிறைய வேண்டும்.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சம்ப்பிலிருந்து ஒவ்வொரு பிளாக்காகப் பைப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். கடைசி பிளாக்குக்குப் பைப் போய்ச் சேரும் முன்பே பில்டர் சாவியைக் கையில் கொடுத்து, குடி வாருங்கள் என்கிறார். குறைப்பிரசவம் அப்படித்தான். (சிரிக்கிறீர்கள். நம்மில் பல பேருக்கு அந்த அனுபவம் இருக்கிறது என்று தெரிகிறது.)

அடுத்து நடப்பதுதான் முக்கியம். வயிற்றுக்குள் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. வெளியே வந்ததும், சாதாரணக் காற்றிலேயே அதைவிட அதிகம் கிடைக்கிறது. நுரையீரல் முதிராததால் தனியாகவும் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருப்பதைப் பார்த்த விழித்திரை, புதுக் குழாய் எதற்கு என்று வளர்ச்சியை நிறுத்திவிடும். சில வாரம் போகும். கண் வளரும், விழித்திரையின் தேவையும் வளரும். ரத்தக் குழாய் போய்ச் சேராத ஓரப் பகுதி பட்டினி கிடக்க ஆரம்பிக்கும். உடனே அவசரச் செய்தி அனுப்பும். அந்தச் செய்திக்கு ஒரு ரசாயனப் பெயர் இருக்கிறது, வி.இ.ஜி.எஃப். அது வந்ததும் குழாய்கள் கண்டபடி, தப்பான இடத்தில், பலவீனமாக முளைக்கும். கசியும், ரத்தம் கட்டும், தழும்பாகும். தழும்பு சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுக்கும். முழுவதும் பிய்ந்து வந்துவிட்டால் அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது என்றே அர்த்தம்.

குழந்தை பிறந்த அன்று இந்த நோய் இருக்காது. சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் பல குழந்தைகள் எடை கூடி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருக்கும். ஆபத்தான நாட்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்று குடும்பமே மூச்சு விடும் சமயத்தில்தான் கண்ணுக்குள் இது ஆரம்பிக்கிறது.

இதன் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், நேரம் ஆனாலும் பரவாயில்லை. 1942-ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சவ்வு இருப்பதை முதன்முதலில் எழுதினார். அடுத்த பத்து வருடத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நல்ல வசதியான மருத்துவமனைகளில்தான் நோய் அதிகம். ஏழை மருத்துவமனைகளில் குறைவு. விட்டமின் குறையா, வெளிச்சமா, பாலா என்று என்னென்னவோ தேடினார்கள். 1951-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னைச் சேர்ந்த கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர், தாராளமாகக் கொடுக்கும் ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்.

வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவரும் அதையேதான் சந்தேகப்பட்டார். சில குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்தும், சில குழந்தைகளுக்கு வழக்கம்போலவும் கொடுத்துப் பார்த்தார். அங்கே நடந்ததை நான் மாணவனாக இருந்தபோது படித்தேன், இன்றும் மறக்கவில்லை. ஆக்சிஜன் குறைத்த குழந்தைகளுக்கு, ராத்திரி ஷிஃப்டில் சில நர்ஸ்கள் யாருக்கும் தெரியாமல் ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்களாம். கெட்ட எண்ணத்தில் அல்ல. இந்த டாக்டர் பிஞ்சுகளை மூச்சுத் திணற வைக்கிறாரே என்ற பரிதாபத்தில். நல்ல மனசுதான் கெடுதல் செய்தது. 1953-54ல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய ஆய்வு நடத்திய பிறகுதான் விஷயம் உறுதியானது. பாடகர் ஸ்டீவி வொண்டரை உங்களில் பலருக்குத் தெரியும். 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர். இதே நோயில்தான் பார்வை இழந்தார்.

சரி, ஆக்சிஜனை நிறுத்திவிட்டால் போதுமே என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். கண் பிழைத்தது, குழந்தைகள் இறந்தன. ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று பிற்பாடு ஒருவர் கணக்குப் போட்டார். 2010-ல் வந்த அமெரிக்க ஆய்விலும் இதே பாடம்தான். ஆக்சிஜன் அளவைக் குறைவாக வைத்தால் கண் நோய் குறைகிறது, மரணம் கூடுகிறது. அதனால் இப்போது பெரும்பாலும் 90-லிருந்து 95 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்ததற்காக டாக்டரைத் திட்டாதீர்கள். அது உயிரைக் காப்பாற்றியது. ஆக்சிஜன் மட்டும் காரணமும் இல்லை. குறைந்த எடை, ரத்தத்தில் கிருமித் தொற்று, ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது, எடை சரியாகக் கூடாதது, எல்லாம் சேர்ந்துதான். திட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லாமல் அனுப்பினால், அப்போது திட்டலாம்.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்? நம் நாட்டு வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது பிறக்கும்போது 2000 கிராமுக்குக் குறைவாக இருந்த குழந்தை. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். 34-லிருந்து 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்சிஜன், தொற்று என்று கஷ்டப்பட்ட குழந்தைகளுக்கும் டாக்டர் சொன்னால் பார்க்க வேண்டும். எப்போது? பிறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து இல்லை, பிறந்த நாளிலிருந்து. 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்தது, அல்லது 1200 கிராமுக்கும் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. நம் வளாகத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கணக்குதான் முதலில் வரும். அங்கே 1500 கிராம், 30 வாரம். "என் பேரன் 1700 கிராம் டாக்டர், அவனுக்கு வேண்டாமே, இதோ போட்டிருக்கே" என்று ஒருவர் என்னிடம் போனைக் காட்டினார். அந்தக் கணக்கு அந்த ஊர் குழந்தைகளுக்கு. நம் நாட்டில் 1500-க்கு மேல் எடை உள்ள, சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் தீவிரமான நோய் வருவதைக் கண் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் வசதி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லாததும் ஒரு காரணம். அதனால்தான் நம் வலை அகலம்.

இப்போது பெரியவர்களிடம் வருகிறேன்.

முப்பது நாள் என்றால் நம் வீடுகளில் என்ன சமயம்? தீட்டு கழிந்திருக்கும், தொட்டில் போடுவதைப் பற்றிப் பேச்சு நடக்கும். பெண் தாய்வீட்டில் இருப்பாள். மருத்துவமனை ஒரு ஊர், வீடு ஒரு ஊர். "மூணு மாசத்துக்குப் பச்சக் குழந்தைய வெளிய எடுக்கக் கூடாது, காத்து கருப்பு அண்டும்" என்பார்கள். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் பயம், கிருமி ஒட்டிக்கொள்ளுமே என்று. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. என் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் சரியாக அந்த மூன்று மாதத்துக்குள்தான் இந்த நோய் வந்து, வளர்ந்து, கதையை முடித்துவிட்டுப் போகிறது. நம் பழக்கமும் இந்த நோயும் ஒரே காலண்டரில் மோதுகின்றன.

ஐந்து மாதக் குழந்தை ஒன்றை ஒரு முறை என்னிடம் தூக்கி வந்தார்கள். பெண் குழந்தை. 30 வாரத்தில் பிறந்தவள். வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில் வைத்துப் பார்த்து, கொழுகொழுவென்று ஆக்கி அனுப்பியிருந்தார்கள். பாட்டிதான் முதலில் கவனித்திருக்கிறார். "கண்ணு ராத்திரியில பூனைக்கண்ணு மாதிரி மின்னுது டாக்டர், முகம் பாத்து சிரிக்க மாட்டேங்குது" என்றார். நான் டார்ச் அடித்ததுமே தெரிந்துவிட்டது. கண்மணிக்குள் வெள்ளை. இரண்டு கண்ணிலும். கடைசிக் கட்டம். அந்தக் கட்டத்தில் ஆபரேஷன் செய்தாலும், வெளிச்சம் நிழல் தெரிந்தால் பெரிய விஷயம்.

அப்பா ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தார். நாலு பக்கம். நாலாம் பக்கத்தில், இரும்புச் சொட்டு மருந்துக்கும் தடுப்பூசித் தேதிக்கும் நடுவில், ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு தேதி. அந்தத் தேதி போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தடுப்பூசி ஒன்றுகூட அவர்கள் தவறவிடவில்லை. இரும்புச் சொட்டு ஒரு நாள் விட்டதில்லை. "அந்த மூணு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சார்..." என்றார். என்னிடம் பதில் இல்லை. நானும் அந்த மாதிரிச் சீட்டுகள் எழுதியவன்தான்.

இதே போன்ற ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில், 1250 கிராம் எடையில் பிறந்த பெண் குழந்தை. கண் பரிசோதனை செய்யவும் இல்லை, தேவை என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. நாலரை மாதத்தில் வேறு ஊரில் வேறு ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டுத்தான் தெரியவந்தது. அந்தத் தகப்பனார் விடாமல் போராடினார். 2015 ஜூலை 1 அன்று தீர்ப்பு வந்தது. மொத்தம் சுமார் ஒரு கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு. தீர்ப்பு வரும்போது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மருத்துவமனைகள் நிறைய மாறியிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சீட்டின் நாலாம் பக்கத்தை வீட்டில் ஒருவர் படித்துத்தான் ஆகவேண்டும். புரியாத எழுத்து இருந்தால், "இது என்ன?" என்று கிளம்பும் முன் நர்ஸிடமே கேளுங்கள்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். கொஞ்சம் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. கண்மணி விரிய அரை மணி, முக்கால் மணி நேரம் சொட்டு மருந்து விடுவார்கள். வாந்தி எடுக்காமல் இருக்க, பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடச் சொல்வார்கள். குழந்தையைத் துணியில் நன்றாகச் சுற்றி, இமையைத் திறந்து வைக்க ஒரு சின்னக் கம்பிக் கருவி வைத்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பார். சில இடங்களில் கேமரா வைத்துப் படம் எடுப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். சில நிமிடம்தான். வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் கொஞ்சம் அடங்கும். அம்மாவால் பார்க்க முடியாவிட்டால் வெளியே நிற்கட்டும். தாத்தா உள்ளே நிற்கலாம். அப்பா நிற்கலாம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் இருக்காது, அல்லது முதல் இரண்டு கட்டத்திலேயே தானாகச் சரியாகிவிடும். ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றதும் நின்றுவிடக் கூடாது. ரத்தக் குழாய் ஓரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை, வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ போக வேண்டும். பிரசவத் தேதி என்று முதலில் குறித்துக் கொடுத்தார்களே, ஏறக்குறைய அந்தத் தேதி தாண்டும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை வராமல் விட்டுப் பார்வை போன குழந்தைகளும் உண்டு.

வைத்தியம் தேவைப்படும் சிலருக்கு நேரம் மிக முக்கியம். தேவை என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் நடந்தாக வேண்டும். நல்ல நாள், கரிநாள், அடுத்த சம்பளம் எதற்கும் காத்திருக்க முடியாது. லேசர்தான் பல வருடமாக நம்பகமான வழி. ரத்தக் குழாய் போகாத ஓரப் பகுதியில் லேசர் வைத்து, அது அனுப்பும் அந்த அவசரச் செய்தியை நிறுத்துகிறார்கள். ஓரத்தைக் கொஞ்சம் இழந்து நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறோம். கண்ணுக்குள் ஊசி போடும் முறையும் இப்போது இருக்கிறது. "கண்ணுலயா ஊசி?" என்று அலறாதீர்கள், சர்க்கரை நோய்க்காக நம்மில் இரண்டு பேர் போட்டுக்கொண்டு இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் குழந்தைகளுக்கு ஊசிக்குப் பிறகு நோய் திரும்ப வரலாம், அதனால் இன்னும் நீண்ட நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஏ பிளாக்கில் ஒரு வீடு, அவர்கள் அனுமதியோடுதான் சொல்கிறேன். 31 வாரத்தில் பிறந்த பேரன். பாட்டியம்மா என்னிடம், "இன்னும் தொட்டில்லயே போடல, அதுக்குள்ள கண்ணுக்கு மருந்தா?" என்று சண்டைக்கே வந்தார். கடைசியில் 29-ஆம் நாள் அவரே மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார். இரண்டாம் கட்டம் இருந்தது. ஐந்து தடவை போனார்கள். தானாகச் சரியாகிவிட்டது. இப்போது அந்தப் பையன் நம் பூங்காவில் எல்லார் செருப்பையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

இன்னொரு விஷயம். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அம்மாக்கள், வாட்ச்மேன், டிரைவர் குடும்பங்களிலும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அரசின் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் 2008 முதல், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவோடு சின்ன ஊர்களுக்கே போய்க் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுத்து, பெங்களூரில் இருக்கும் டாக்டருக்கு அனுப்பிப் பார்க்க வைக்கிறார்கள். கிட்ராப் என்று பெயர். அப்படி கேமராவே ஊருக்குப் போகும்போது, நாம் ஒரு நாள் லீவும் ஆட்டோ காசும் கொடுத்து, "போய்ட்டு வாம்மா, வேலைய நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்வது பெரிய காரியம் இல்லை. அந்த ஒரு நாளைக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

நோய் சரியானாலும் இந்தக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பள்ளிக்குப் போகும் வரை வருடம் ஒரு முறையாவது காட்டுங்கள். மூன்று வயதில் கண்ணாடி போட்டால் "பெண் குழந்தைக்குக் கண்ணாடியா" என்று யாரும் புலம்ப வேண்டாம்.

கேள்வி நேரத்தில் மூன்று பேர் கேட்டதையும் சேர்த்துவிடுகிறேன்.

பி பிளாக் இளம் அம்மா, தன் குழந்தைக்கு இப்போது நாற்பது நாள் ஆகிவிட்டது, 1900 கிராமில் பிறந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இனிமேல் போய் என்ன பயன் என்று கேட்டார். நாளைக் காலையிலேயே போங்கள். முப்பது நாள் என்பது தவறவிடக் கூடாத நாள்தான், ஆனால் தவறினால் கதவு மூடிவிடாது. இன்றிரவு சீட்டைக் கொண்டு வந்து என் வீட்டில் காட்டுங்கள், எங்கே போவது என்று எழுதித் தருகிறேன்.

மாதம் நிறைந்து மூன்று கிலோவில் பிறந்த பேத்திக்கும் பார்க்கணுமா என்று ஒரு தாத்தா கேட்டார். இந்த நோய்க்காகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் குழந்தையாக இருந்தாலும், நேரிலோ ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவிலோ கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம்.

பரிசோதனைக்குப் பிறகு பேரனின் கண் சிவந்து, இமை வீங்கியிருந்தது, கண்ணைக் கெடுத்துவிட்டார்களோ என்று பயந்தோம் என்றார் ஒரு பாட்டி. அந்தச் சிவப்பு கருவி வைத்ததால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும். தாய்ப்பால் பீய்ச்ச வேண்டாம், விளக்கெண்ணெய் விட வேண்டாம். சீழ் வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ மட்டும் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.